ஜொகூர் வெயிலும் 218 குதிரைகளும்

"மூணாவது சுற்றுலேருந்து வண்டிக்கு மூச்சு வாங்குது, மாமா. சின்ன புல்லி மாத்தினா சரியாயிடுமா?"

செப்பாங் ஓடுதளத்தில் ஒரு காலைப்பொழுது ஓட்டிவிட்டு வந்த என் அக்கா மகன் கேட்டது இது. மாசாயில் ஒரு மாமாக் கடையில் இரண்டு தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். எதிரே வெயிலில் நின்றது அவன் வண்டி: லோட்டஸ் எக்ஸீஜ் எஸ், இரண்டு கை மாறி வந்தது. சூப்பர்சார்ஜர் பூட்டிய வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் நம் தெற்குப் பக்கம் நிறையப் பேர் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பழைய மினி கூப்பர் எஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் அதிகமாகவே கேட்கிறார்கள். சுருக்கமான பதில் என்னிடம் உண்டு. சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட்டுக்குச் சின்ன புல்லி போட்டால் மூன்றாவது சுற்றில் வாங்குகிற மூச்சு இரண்டாவது சுற்றிலேயே வாங்கும். ஏன் என்பதற்குத்தான் இன்னொரு கிளாஸ் தேவைப்பட்டது.

வண்டியை முதலில் தெரிந்துகொள்வோம். எக்ஸீஜ் எஸ் 2006இல் வந்தது. இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் எஞ்சின் டொயோட்டாவுடையது, 1,796 சிசி, 2ZZ-GE என்று பெயர். செலிக்காவில் இருந்த அதே எஞ்சின்தான். லோட்டஸ் அதன் மேல் ஈட்டன் நிறுவனத்தின் எம்62 சூப்பர்சார்ஜரைப் பூட்டி 218 குதிரைத்திறன் எடுத்தது. வண்டியின் எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. அந்த நாளில் லோட்டஸின் முதலாளி யார் தெரியுமா? நம் புரோட்டோன்தான். 1996இல் பெரும்பங்கை வாங்கி, 2017இல் ஜீலியும் எத்திக்கா ஆட்டோமோட்டிவும் கைக்கொள்ளும் வரை வைத்திருந்தது. இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் ஹெத்தலில் பிறந்த வண்டி என்றாலும், அதன் பிறப்புச் செலவில் நமக்கும் பங்குண்டு என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சூப்பர்சார்ஜர் இல்லாத வண்டிக்கென்று செய்த 11.5க்கு 1 என்ற அமுக்க விகிதத்தை லோட்டஸ் குறைக்கவில்லை. பிஸ்டன் மேலே வரும்போது காற்றும் பெட்ரோலும் 11.5 மடங்கு நெருக்கப்படும். அதற்கு முன்பே சூப்பர்சார்ஜர் ஒருமுறை நெருக்கிவிட்டது. ஏற்கெனவே நெருக்கிய காற்றை மறுபடி நெருக்குகிற இந்த எஞ்சினுக்கு உள்ளே வரும் காற்றின் சூடு உயிர்ப் பிரச்சினை.

சூப்பர்சார்ஜர் என்பது பழைய சாதனம். அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்றூதி அது. உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று அனுப்பிக்கொண்டிருந்தது. 1921இல் மெர்சிடிஸ் அதைக் காரில் வைத்து அறிமுகப்படுத்தியது. எம்62இல் மூன்று மடல்கள் கொண்ட இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழலும். கிராங்க் பெல்ட்டிலிருந்து ஓட்டம். ஒரு சுழற்சிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் காற்றைத் தள்ளும். இந்த வகை ஊதி தன் வயிற்றுக்குள் காற்றை நெருக்குவதில்லை. அள்ளி அள்ளி முன்னே தள்ளுகிறது. முன்னே இடம் போதாததால் அங்கே அழுத்தம் ஏறுகிறது. தள்ளிய காற்றில் ஒரு பங்கு எதிர்த்துத் திரும்பி வந்து மோதும். அதனால் வேலையில் ஒரு பகுதி வீணாகிச் சூடாக மாறும்.

எவ்வளவு சூடு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் ஜொகூரில் வண்டி ஏன் திணறுகிறது என்பது விளங்கும். மாமாக் கடைத் திசுத்தாளில் நான் போட்ட கணக்கு இது. வெளிக்காற்று 35 டிகிரி செல்சியஸ் என்று வைப்போம். தார்ச்சாலைக்கு மேலே நம் மதிய வெயிலில் அது ஒன்றும் மிகையில்லை. சூப்பர்சார்ஜர் அழுத்தத்தை ஒன்றரை மடங்கு ஆக்குகிறது, அதாவது அரை பார் பூஸ்ட். குறையே இல்லாத ஊதியாக இருந்தாலும் காற்று 38 டிகிரி சூடேறியே தீரும். அது இயற்பியல், யாரும் தப்ப முடியாது. ரூட்ஸ் வகையின் செயல்திறனை 60 விழுக்காடு என்று தாராளமாக வைத்தால் ஏற்றம் 63 டிகிரி. ஆக ஊதியை விட்டு வெளியே வரும் காற்று 98 டிகிரி. தண்ணீர் கொதிக்க இன்னும் இரண்டே டிகிரி.

இதே வண்டி ஹெத்தலில் 15 டிகிரி காற்றை உறிஞ்சினால் 74 டிகிரியில் வெளியே வரும். நமக்கும் அவர்களுக்கும் இருக்கும் 20 டிகிரி வித்தியாசம் எஞ்சின் வாசலில் 24 ஆகிவிடுகிறது. அதோடு போகவில்லை. 35 டிகிரிக் காற்று 15 டிகிரிக் காற்றைவிட 6 விழுக்காட்டுக்கும் மேலே மெலிந்தது. நம் ஊர்ப் புழுக்கம் இருக்கிறதே, அந்த நீராவி மட்டும் காற்றில் ஏறக்குறைய 3 விழுக்காட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்த அளவுக்கு ஆக்சிஜனுக்கு இடமில்லை. அதாவது பட்டியலில் எழுதியிருக்கும் 218 நம் மண்ணில் கால் வைக்கும்போதே முழுசாக இல்லை. இதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை.

இந்த 98 டிகிரிக் காற்றை அப்படியே உள்ளே விட்டால் என்னாகும்? சுடர் ஸ்பார்க் பிளக்கில் தொடங்கி ஒழுங்காகப் பரவிப் போகும்போது, மூலையில் எரியாமல் காத்திருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானே வெடிக்கும். அதைத்தான் நம் ஃபோர்மேன்கள் 'நாக்கிங்' என்கிறார்கள். பிஸ்டனைத் துளைக்கும் அளவுக்குப் போகக் கூடியது. அதைத் தவிர்க்க வண்டியின் கணினி உள்ளே வரும் காற்றின் சூட்டைப் பார்த்து, ஸ்பார்க்கைச் சற்றுத் தாமதமாக அடிக்கும். எஞ்சின் பிழைக்கும். ஆனால் தாமதமாகப் பற்றிய நெருப்பு பிஸ்டனைத் தள்ளுவதைக் குறைத்துக்கொண்டு தன் சூட்டை எக்ஸாஸ்ட் பக்கம் அனுப்பிவிடும். எக்ஸாஸ்ட் சூடேறும், சிலிண்டர் தலை சூடேறும், சுற்றியிருக்கும் எல்லாமும் சூடேறும், அடுத்த சுற்றில் உள்ளே வரும் காற்று இன்னும் சூடாக வரும். மருமகனின் மூன்றாவது சுற்று இதுதான். வண்டி கெடவில்லை. கணினி தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது.

எனவே இங்கே குளிர்ச்சியும் சக்தியும் இரண்டு தனிச் செலவுகள் என்று பிரித்துப் பேசுவது எனக்கு ஒப்பாத பேச்சு. நம் வெயிலில் குளிர்ச்சிக்குச் செய்யும் செலவுதான் சக்திக்கான முதல் செலவு. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய குதிரைகளைத் திரும்பப் பிடித்துக் கட்டிவிட்டு, அப்புறம் புதிதாக வாங்கலாம்.

"இன்டர்கூலர்தான் இருக்கே மாமா?" என்றான். இருக்கிறது, ஊதியை விட்டு வரும் சூட்டுக்காற்றை ஆற்றும் கருவி அது. எக்ஸீஜ் எஸ்ஸில் எஞ்சினின் தலைக்கு மேலேயே படுத்திருக்கும். கூரையில் இருக்கும் மூக்கு வழியாக வரும் காற்று அதைக் குளிர்விக்கும். அது தன் வேலையில் 65 விழுக்காடு வெற்றி பெற்றால் 98 டிகிரி 57க்கு இறங்கும். சூப்பர்சார்ஜர் வழியாகப் போகும் காற்றின் அடர்த்தி, கூலர் இல்லாதபோது வெளிக்காற்றைவிட 1.25 மடங்கு; கூலர் இருக்கும்போது 1.4 மடங்கு. பூஸ்ட் மீட்டரில் முள் அதே அரை பாரில்தான் நிற்கும், ஆனால் உள்ளே போகும் ஆக்சிஜன் 12 விழுக்காடு கூடியிருக்கும். பூஸ்ட் மீட்டரைப் பார்த்துச் சக்தியை அளப்பவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் காட்டுவேன். லோட்டஸே இதற்கு ஒரு நல்ல சோதனையைச் செய்து வைத்திருக்கிறது: எலீஸ் எஸ்சி என்ற வண்டியில் சின்ன ஊதி வைத்து, இன்டர்கூலர் இல்லாமலே கிட்டத்தட்ட அதே சக்தியை எடுத்தார்கள். தாளில் இரண்டும் ஒன்றுதான். வெயிலில் தொடர்ந்து மிதிக்கும்போதுதான் இன்டர்கூலரின் அருமை தெரியும்.

எக்ஸீஜின் கூலருக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அது கொதிக்கும் எஞ்சினின் தலைமேல் உட்கார்ந்திருப்பது. சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர் பாலத்தில் சனிக்கிழமை மாலை மாட்டிக்கொண்டால் தெரியும். 1924இல் திறந்த, 1 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் அந்தப் பாலத்தைக் கடக்க ஒரு மணி நேரம் ஆவது நமக்குப் புதிதில்லை. வண்டி நகராதபோது கூரை மூக்கில் காற்றே வராது. கீழிருந்து எழும் சூட்டை அலுமினியம் குடித்துக்கொண்டே இருக்கும். கூலர் என்று பெயர் வைத்த பொருள் ஹீட்டராகிவிடும். அதற்கப்புறம் சாலை திறந்து மிதித்தால், முதல் பல வினாடிகளுக்கு அது காற்றைச் சூடாக்கித்தான் அனுப்பும். மினி கூப்பர் எஸ்ஸின் 2002 முதல் 2006 வரையிலான வண்டிகளுக்கும் இதே தலையெழுத்து: போனட்டில் ஓட்டை, எஞ்சின் மேல் கூலர்.

இரண்டாவது குறை நுணுக்கமானது. எக்ஸீஜின் ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது. அதைக் கடந்து சூடேறிய காற்று முன் மூடியின் துளைகள் வழியே மேலே வெளியேறி, கண்ணாடி மேலும் கூரை மேலும் ஓடுகிறது. அதில் ஒரு பங்கு எங்கே போய்ச் சேரும்? கூரை மூக்குக்குள். முன்னால் கழித்த சூட்டைப் பின்னால் திரும்ப விழுங்குகிற வண்டி.

இப்போது வேலைக்கு வருவோம். பெரிய பொருட்கள் வாங்கும் முன் செய்ய வேண்டியவை நிறைய. அவை மலிவு, அதனாலேயே யாரும் செய்வதில்லை.

ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால் என்றால் தண்ணீர் எங்கே பயணிக்கிறது? கதவுக்குக் கீழே இருக்கும் சட்டகத்தின் உள்ளே நீண்ட குழாய்களில். இந்த அமைப்பில் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் வெளியே வராது. மீட்டரில் சூடு ஏறி இறங்கி விளையாடும். தண்ணீர் மாற்றியபின் காற்றை முழுசாக எடுப்பது பொறுமையான வேலை. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, மெல்ல நிரப்பி, ஹீட்டரைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கிற பட்டறையை நான் நம்புவதில்லை. சூடான எஞ்சினில் மூடியைத் திறக்காதே என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

தண்ணீரில் என்ன கலப்பது என்பதற்கு நம் ஊரில் இரண்டு கட்சி. ஒரு கட்சி குழாய்த் தண்ணீரே போதும் என்கிறது. இன்னொன்று டப்பாவில் இருப்பதை அப்படியே பாதிக்குப் பாதி ஊற்றச் சொல்கிறது. பாதிக்குப் பாதி கூலண்ட் பனிக்கட்டி உறையும் நாடுகளுக்கானது. அது தனித் தண்ணீரைவிடக் குறைவாகவே சூட்டைச் சுமக்கும். நமக்கு உறைபனிப் பயம் இல்லை. ஆனால் அலுமினியம் அரிக்காமல் இருக்க மருந்து வேண்டும், பம்ப்புக்கும் வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரில் குறைந்த அளவு கூலண்ட் என்பதுதான் என் வழக்கம். குழாய்த் தண்ணீரின் உப்பு உள்ளே படியும், அது வேண்டாம். மூடியின் ஸ்பிரிங் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். உள்ளே 1.1 பார் அழுத்தம் நின்றால் தண்ணீர் 121 டிகிரி வரை கொதிக்காது. பழைய மூடி அழுத்தத்தை விட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அடுத்தது காற்றின் வழி. ரேடியேட்டருக்கு முன் வரும் காற்று சுலபமான வழியைத்தான் தேடும். ஓரத்தில் ஒரு விரல் அளவு இடைவெளி இருந்தால் போதும், ரேடியேட்டருக்குள் நுழைய மறுத்து அதன் வழியே ஓடிவிடும். அந்த இடைவெளிகளைச் சூடு தாங்கும் நுரைப்பட்டையால் அடைத்தால், பெரிய ரேடியேட்டர் வாங்கியதில் பாதிப் பலன் கிடைக்கும். குலாய் பக்கம் நெடுஞ்சாலையில் ராத்திரி வந்த பூச்சிகள் ரேடியேட்டர் இதழ்களில் ஒட்டிக் காய்ந்திருக்கும். பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உயர் அழுத்தப் பம்ப்பால் அடித்தால் இதழ்கள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும்.

தெர்மோஸ்டாட்டைக் குறைந்த சூட்டில் திறப்பதாக மாற்றினால் வண்டி குளிரும் என்ற நம்பிக்கை ஒன்று இருக்கிறது. தெர்மோஸ்டாட் ஒரு கதவு. எப்போது திறப்பது என்பதைத்தான் அது சொல்லும். முழுசாகத் திறந்தபின் சூட்டைக் கழிக்கும் திறமை ரேடியேட்டருடையது. நகரத்தில் ஓட்ட ஆறுதலாக இருக்கும். செப்பாங்கில் மூன்றாவது சுற்றில் அது எதையும் மாற்றாது.

இப்போது சார்ஜ்கூலர். அதைக் கேட்டதும் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சூப்பர்சார்ஜர் அனுப்பும் சூட்டுக்காற்றைக் காற்றாலேயே குளிர்விக்காமல் தண்ணீரால் குளிர்விப்பது அது. எஞ்சின் தண்ணீரோடு சேராத தனிச் சுற்று: எஞ்சின் பக்கத்தில் ஒரு பரிமாற்றக் கட்டை, முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டர், நடுவே ஒரு மின்பம்ப். இதுவும் புதிதல்ல. 1942இல் ஜெர்மனியின் ஃபோக்கே வுல்ஃப் 190 விமானத்திடம் தோற்றுக்கொண்டிருந்த ஸ்பிட்ஃபயர், ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் 61 எஞ்சினோடு ஒன்பதாம் வகையாக வந்தபோது நிலைமை மாறியது. அந்த எஞ்சினில் இரண்டு அடுக்குச் சூப்பர்சார்ஜரும், அது அனுப்பும் காற்றைத் திரவத்தால் குளிர்விக்கும் தனிச் சுற்றும் இருந்தன.

தண்ணீர் ஏன் என்றால், ஒரு கிலோ தண்ணீர் ஒரு கிலோ அலுமினியத்தைவிட நான்கு மடங்குக்கும் மேலே சூட்டைத் தாங்கும். மறுபடி திசுத்தாள். 8,000 சுற்றில் இந்த எஞ்சின் வினாடிக்கு ஏறக்குறைய 0.19 கிலோ காற்றை விழுங்கும். அதை 63 டிகிரி சூடாக்க ஊதி செலவிடுவது சுமார் 12 கிலோவாட். கூலர் அதிலிருந்து 8 கிலோவாட்டைத் திரும்ப வெளியே எடுக்க வேண்டும். வீட்டில் தண்ணீர் சுடவைக்கும் மின்கெட்டில் நான்கை ஒரே நேரத்தில் போட்டது போல. சுற்றில் 4 லிட்டர் தண்ணீர் இருந்து, முன் ரேடியேட்டர் ஒன்றுமே செய்யாமல் இருந்தால்கூட, அந்தத் தண்ணீர் வினாடிக்கு அரை டிகிரிதான் ஏறும். 20 வினாடி அழுத்தி மிதித்தால் 10 டிகிரி. சாலையில் யார் 20 வினாடி முழுசாக மிதிக்க முடியும்? நெடுஞ்சாலையில் 110தான் வரம்பு, எக்ஸீஜ் அதை மூன்றாவது கியரிலேயே கடந்துவிடும். ஆக சாலை ஓட்டத்துக்குச் சார்ஜ்கூலர் கச்சிதம். கூரை மூக்கின் தயவும் தேவையில்லை.

ஓடுதளத்தில் கதை வேறு. அங்கே மிதிப்பதற்கு இடைவெளி குறைவு. தண்ணீரின் தாங்கும் சக்தி முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடும். அதற்கப்புறம் முன்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டர் எவ்வளவு கழிக்கிறதோ அவ்வளவுதான். அங்கேதான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள்: பளபளக்கும் கட்டையை வாங்கிவிட்டு, முன்னே கைக்குட்டை அளவு ரேடியேட்டரும் மலிவான பம்ப்பும் வைப்பார்கள். அந்த முன் ரேடியேட்டர் எஞ்சின் ரேடியேட்டருக்கு எதிரே நின்றால், அது கழித்த சூடு எஞ்சின் தண்ணீரின் தலையில் விழும். காற்றைக் குளிர்வித்து எஞ்சினைக் கொதிக்கவைத்த வண்டிகள் இப்படித்தான் உருவாகின்றன. முடிந்தால் வேறு இடத்தில் வைக்க வேண்டும். முடியாவிட்டால் எஞ்சின் ரேடியேட்டரையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். பாலத்து நெரிசலுக்கு முன் ரேடியேட்டருக்கு விசிறியும், எஞ்சினை அணைத்த பின்னும் சில நிமிடம் ஓடும் பம்ப்பும் நல்லது.

தண்ணீரும் மெத்தனாலும் தெளிக்கும் கருவியையும் கேட்டான். வேலை செய்யும். ஆனால் அதை நம்பி ஸ்பார்க்கை முன்தள்ளி வைத்தபின் ஒருநாள் தொட்டி காலியானால், எஞ்சினுக்குப் பாதுகாப்பு இல்லை. எனக்கு அதில் மனமில்லை.

எஞ்சின் எண்ணெயைப் பற்றி அவன் கேட்கவேயில்லை, யாரும் கேட்பதில்லை. நீண்ட வளைவில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கிவிட்டால் பம்ப் காற்றை உறிஞ்சும். அளவைக் கீழ்க்கோட்டில் வைத்துக்கொண்டு ஓடுதளம் போகக் கூடாது. தடுப்புத்தகடு வைத்த எண்ணெய்த் தட்டும், எண்ணெய்க் கூலரும் புல்லிக்கு முன்னால் வரவேண்டியவை.

இவ்வளவுக்கும் பிறகு புல்லி. சிறிய புல்லி ஊதியை வேகமாகச் சுழற்றும், பூஸ்ட் ஏறும். ஆனால் ஊதியின் வேகம் ஏற ஏற, அதன் செயல்திறன் சரியும். கூடுதலாகக் கிடைக்கும் காற்றைவிடச் சூடு வேகமாக ஏறும் ஓர் எல்லை வரும். தயாரித்தவர் சொன்ன சுழற்சி எல்லையைத் தாண்டினால் தாங்கிகளும் போகும். புல்லி மாற்றினால் பெட்ரோல் தெளிப்பான்கள், கணினியின் வரைபடம், கிளட்ச் எல்லாமே கூடவே மாற வேண்டும். புல்லியை மட்டும் மாற்றிவிட்டுக் கணினியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். லோட்டஸே 240 குதிரைத்திறன் பொதியை விற்றபோது என்ன செய்தது? பெரிய தெளிப்பான், பலத்த கிளட்ச், கூடவே கூரையில் பெரிய மூக்கு. சக்தியைக் கூட்டிய கையோடு காற்று வாயையும் பெரிதாக்கினார்கள்.

டைனோ தாளைப் பற்றி ஒரு வார்த்தை. சக்தியை அளக்கும் டைனோ இயந்திரம் அன்றைய வெயிலை அப்படியே காட்டாது. 25 டிகிரி நிலைக்குத் திருத்திக் காட்டும். அந்தத் திருத்தத்துக்கு உன் இன்டர்கூலர் கொதித்துக் கிடப்பது தெரியாது. பட்டறைக்காரர் வண்டியை நன்றாக ஆறவிட்டு, முன்னால் பெரிய விசிறி வைத்து, ஒரே ஒரு இழுப்பு இழுத்துத் தாளை நீட்டுவார். ஆறவிடாமல் அடுத்தடுத்து மூன்று இழுப்பு இழுக்கச் சொல். மூன்றாவது தாளை வாங்கு. கூடவே உள்ளே வந்த காற்றின் சூடும், ஸ்பார்க் நேரமும் பதிவான கோடுகளையும் கேட்டு வாங்கு. முதல் தாளுக்கும் மூன்றாவது தாளுக்கும் வித்தியாசம் குறைவாக இருந்தால்தான் அந்த வண்டி ஜொகூருக்குத் தயாரான வண்டி. "முதல் தாளைத்தான் எல்லாரும் வாட்ஸ்அப்புல போடுறாங்க மாமா" என்றான். அது உண்மைதான்.

பெட்ரோல் விஷயத்தில் நம் எல்லையில் ஒரு விசித்திரம் உண்டு. குடிமக்களுக்கான ரோன்95 2025 செப்டம்பர் 30 முதல் லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். இந்த வண்டிக்கு அது வேண்டாம். ரோன்97, கிடைத்தால் பெட்ரோனின் பிளேஸ் 100. வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்கு ரோன்95 ஊற்ற 2010 முதலே தடை. சிங்கப்பூர் வண்டிகளோ, அந்த நாட்டுச் சட்டப்படி முக்கால் தொட்டி நிரப்பிக்கொண்டுதான் எல்லை தாண்ட வேண்டும். அங்கே 98 ஊற்றிக்கொண்டு வந்து, இங்கே கிடைத்ததைக் கலந்து, 98க்கு எழுதிய வரைபடத்தோடு செப்பாங் போகிறவர்கள் தொட்டியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று ஒருகணம் யோசிக்க வேண்டும்.

அப்புறம் ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்துத் துறை. எஞ்சினில் செய்யும் மாற்றங்களுக்கு அனுமதி, ஆய்வு என்று முறை இருக்கிறது. காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்தால் இழப்பீட்டு நாளில்தான் அதன் விலை தெரியும். பட்டறைக்குள் போகுமுன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னேன்.

காசே செலவாகாத ஒரு வழியும் உண்டு: செப்பாங்கில் முதல் காலைப் பிரிவைப் பிடிப்பது. காலை 25 டிகிரிக் காற்று மதிய 35 டிகிரிக் காற்றைவிட 3 விழுக்காடு அடர்த்தியானது. தார் இன்னும் கொதிக்கத் தொடங்கியிருக்காது. இரண்டு சுற்று மிதித்து, ஒரு சுற்று ஆறவிட்டு ஓட்டினால், பழைய கூலரே பாதி நாளைத் தாக்குப்பிடிக்கும். ஒரு காலத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. 1998இல் உலக மோட்டார் சைக்கிள் போட்டி இங்கேயே, நம் பாசிர் கூடாங்கில் 1986இல் திறந்த 3.86 கிலோமீட்டர் தளத்தில் நடந்தது. 500 சிசி பிரிவில் மிக் டூஹன் ஜெயித்தார். மறு ஆண்டே போட்டி செப்பாங்குக்குப் போய்விட்டது. அதனால்தான் மாசாய்ப் பையன் விடியுமுன் எழுந்து வடக்கே வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது.

"பேசாம இதை வித்துட்டு வி6 எடுத்துடலாமா மாமா?" கடைசியில் இந்த இடத்துக்கு வந்து சேர்வான் என்று எனக்குத் தெரியும். 2012இல் வந்த வி6 எக்ஸீஜின் எஞ்சினும் டொயோட்டாவுடையதே, 3.5 லிட்டர் 2GR-FE. அந்தக் காலத்துப் பெரிய அல்ஃபார்டில், அதாவது அமைச்சர்மார் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு போகிற வேனில் இருந்த அதே எஞ்சின். அதன்மேல் ஹாரொப் நிறுவனம் அமைத்த, நான்கு மடல் உருளைகள் கொண்ட புதிய வகை ஊதி. எம்62ஐவிடக் காற்றைக் குறைவாகச் சூடாக்கும். அதனால் இன்டர்கூலரே வைக்காமல் 345 குதிரைத்திறன் எடுத்தார்கள். பிறகு 2017இல் கப் 430 வந்தபோது, அந்த 430ஐ எடுக்கச் சார்ஜ்கூலரைச் சேர்த்தார்கள்.

அவன் கைப்பேசியில் வி6இன் விலையைத் தேடிக்கொண்டிருந்தான். அதற்கும் ரேடியேட்டர் முன்னால்தான், தண்ணீர்க் குழாய் கதவுக்குக் கீழேதான், காற்று எடுக்கிற வேலை அதற்கும் உண்டு என்றேன். விலையைப் பார்த்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த நுரைப்பட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.